ரெண்டு விரக்கடை

மலைச்சாமி டைலர் தைத்த பள்ளிக்கூட யூனிபாரம் எதுவும் போட்ட அன்றைக்கே சரியாக இருந்ததாக ஓடைக்குளத்தில் சரித்திரமே கிடையாது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று பார்த்தால் கடைவீதி நெடுகச் சட்டைகள்தான் நடந்து போகும், உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று காலரைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். தோளில் ரெண்டு விரல் அகலம், அதாவது ரெண்டு விரக்கடை, கையில் ரெண்டு விரக்கடை, பாவாடையின் கீழே மடித்து மடித்து ஒளித்து வைத்த துணி என்று எங்கேயும் வளர்வதற்கு இடம் விட்டேதான் தைப்பார்; கையில் எடுத்துக் கொடுக்கும்போது, "பிள்ளை வளரும், துணி வளருமா?" என்று ஒரு வார்த்தை சொல்லுவார்; தாய்மார்களும், மகராசன் அடுத்த வருசத்துத் துணியை மிச்சம் பண்ணிக் கொடுத்தான் என்று வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். இருபது வருசமாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, எங்கேயோ அட்டைப்பெட்டிக்குள் கிடந்த ஒரு ஷூவின் காதில் அது விழுந்துவிட்டதோ என்னவோ, யார் கண்டது.

ஓடைக்குளத்துக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள ரெண்டு விஷயம் உண்டு, ஒன்று கொய்யாப்பழம், மற்றது பாஸ்கெட்பால். மலையடிவாரத்தில், பஸ் திரும்பவே இடமில்லாத அந்த ஊரில் இந்த விளையாட்டு எப்படி வந்து இறங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள், அது நமக்கு வேண்டாம். தேர்முட்டிக்குப் பின்னால் ஒரு சிமெண்டு மைதானம் இருந்தது, மே மாதம் வந்தால் மூங்கிலில் கேலரி கட்டி டோர்னமெண்ட் நடத்துவார்கள், அந்த வாரத்தில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே மண்டபத்தில் இருக்கமாட்டான், இவ்வளவு தெரிந்தால் போதும். மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு நேர் எதிரே, தெருவுக்கு இந்தப் பக்கம் மலைச்சாமியின் தையல் கடை. பந்து தரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அவர் கால் மெஷினை மிதிக்கும் வேகமே அதற்குத் தோதாகப் பழகிப்போயிருந்தது.

அவருக்கும் குருவம்மாளுக்கும் ஒரே மகள், மாரீஸ்வரி, ஊருக்கு ஈஸ்வரி. ஏழாம் வகுப்பில் பந்தைக் கையில் எடுத்தவள் அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவிலேயே ஆடி ஆடி, அது முன்பக்கம் வாயைப் பிளந்து, கட்டைவிரல் வெளியே வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியபோது, விளையாட்டு வாத்தியார் சேவியர் மாஸ்டர் ஒரு நாள் தெருவைத் தாண்டிக் கடைக்கே வந்துவிட்டார்.

"டைலரே, பிள்ளைக்கு ஒரு ஷூ எடுத்துக் குடுங்க. டிவில காட்டுற ஷூவெல்லாம் வேணாம், அது நம்ம சிமெண்டுத் தரையில ஆறு மாசம் தாங்காது. அடி ரப்பர் கெட்டியா இருக்கணும், தரையப் பிடிக்கணும். குதிகால் உள்ள ஆடக்கூடாது. முன்னாடி நகம் இடிக்காம இருந்தாப் போதும், அதுக்கு மேல இடம் வேணாம். ஆடி முடிச்சுச் சாயங்காலமா கூட்டிட்டுப் போங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பத்தான் அளவு தெரியும்."

"அளவப் பத்தி எனக்கேவா மாஸ்டர்?" என்று மலைச்சாமி சிரித்தார், கழுத்தில் கிடந்த டேப்பை இழுத்துக் காட்டி. மாஸ்டரும் சிரித்துவிட்டுப் போனார். அங்கேயே கொஞ்சம் நின்று அழுத்திச் சொல்லியிருக்கலாம் அந்த மனுசன், ஆனால் டைலரிடம் போய் அளவைப் பற்றி யார் வாக்குவாதம் பண்ணுவார்கள்.

சிக்கந்தர் பாயின் காலணிக் கடையில் அன்று சாயங்காலம் மூன்று ஜோடி வெளியே வந்தன. முதலாவது பெரிய கம்பெனி ஷூ, அதன் விலைச்சீட்டை மலைச்சாமி ஒரு தடவை பார்த்துவிட்டு, தொட்டால் காசு கேட்பார்களோ என்று கையை இழுத்துக்கொண்டார். ரெண்டாவது அதே கம்பெனியின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த கள்ளப் பிள்ளை, பளபளவென்று இருந்தது, பாயே அதன் அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டி, "வழுக்குது பாருங்க, இது பஸ் ஸ்டாண்டுல நிக்கிறதுக்கு, ஆடுறதுக்கு இல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டார். மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரு நீலப் பட்டை போட்ட ஷூ, வடக்கே எங்கேயோ செய்தது, பெயர் யாருக்கும் வாயில் நுழையாது, ஆனால் ரப்பர் கெட்டி, தையல் சுத்தம், விலையும் மலைச்சாமியின் மூச்சை நிறுத்தவில்லை. ஈஸ்வரி அதைப் போட்டு நாடாவைக் கட்டி, கடைக்குள்ளேயே ரெண்டு தடவை குதித்து, சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பி நின்றாள். அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"அப்பா, சரியா இருக்குப்பா!"

மலைச்சாமி குனிந்து ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். நகத்தளவு இடம்தான் இருந்தது. இருபது வருசத்துப் பழக்கம் சும்மா விடுமா.

"பாய், இதுலயே ரெண்டு சைஸ் பெருசு எடுங்க."

"மலைச்சாமி, இது பாவாடை இல்லப்பா, இடுப்புல ஊக்குக் குத்திக்கிறதுக்கு. ஷூ. கால் உள்ள நீச்சலடிக்கும்."

"வளர்ற பிள்ளை பாய். நுனியில வெட்டுத் துணிய வச்சு அடைச்சிருவேன். அடுத்த வருசம் கால் வளந்து தானா வந்து உக்காந்துக்கிரும்."

ஈஸ்வரி சரியாக இருந்த ஷூவைக் கழற்றி, நாடாவைத் திரும்ப உள்ளே மடித்து வைத்து, பெட்டிக்குள் படுக்கப் போட்டாள். மலைச்சாமிக்கு அந்தக் கை இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரியும்.

அடுத்த வருசம் வந்தது. பிள்ளையின் கால் சொன்ன பேச்சுக் கேட்டு வளர்ந்தது. மலைச்சாமி ஷூவின் நுனியில் அடைத்திருந்த துணியை உருவிவிட்டு, இப்போ போட்டுப் பாரு தாயி என்றார், போட்டாள், கட்டைவிரலால் அமுக்கினார், உள்ளே அதே ரெண்டு விரக்கடை இடம் காலியாகக் கிடந்தது. டேப்பை எடுத்துக் காலை அளந்தார், ஷூவை அளந்தார். கால் எவ்வளவு நீண்டிருந்ததோ ஷூவும் அவ்வளவு நீண்டிருந்தது. ரப்பர் புதிதாகத் திரண்டிருந்தது, நீலப் பட்டையும் கூடவே வந்திருந்தது, தையலில் ஒரு பிசிறு இல்லை. குருவம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "துணி நனைஞ்சாச் சுருங்கும், இது நனைஞ்சா நீளுதாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். மலைச்சாமி வெட்டுத் துணியைத் திரும்பவும் நுனியில் திணித்தார். நான் சொன்னதில் தப்பில்லை, பிள்ளைக்கு இன்னும் வளர்ச்சி இருக்கிறது, அது தெரிந்துதான் ஷூவும் இடம் விட்டிருக்கிறது என்று அவருக்கு மனசெல்லாம் நிறைந்துபோனது.

ஊருக்குள் விஷயம் ஒரு நாளில் பரவியது. முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தார்கள், ரெண்டாவது வாரம் பழகிப்போனது, மூன்றாவது வாரத்திலிருந்து அதை என்ன செய்து பயன்படுத்தலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள், ஓடைக்குளத்துக்காரர்கள் எதையும் சும்மா விடுகிற ஆட்கள் இல்லை. டீக்கடையில் கால் முதலில் வளர்கிறதா ஷூ முதலில் வளர்கிறதா என்று ரெண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கட்சி இந்த பெஞ்சிலும் மறு கட்சி அந்த பெஞ்சிலும் உட்கார்ந்தது. சிக்கந்தர் பாய் கடை வாசலில் 'வளரும் ஷூ இங்கே கிடைக்கும்' என்று போர்டு மாட்டி, அந்த வடக்கத்திக் கம்பெனியின் சரக்கையெல்லாம் விற்றுத் தீர்த்தார். வாங்கிப் போனவர்கள் எல்லோரும் ரெண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் போய், ஒரு வருசம் தடுக்கித் தடுக்கி நடந்து, ஷூ ஒரு நூலும் வளரவில்லை என்று சண்டைக்கு வந்தபோது, "அதுக்குக் கால் ராசி வேணுமப்பா, கடை என்ன பண்ணும்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நடக்கப் பிந்துகிற குழந்தைகளைத் தாய்மார்கள் வெள்ளிக்கிழமை தோறும் தூக்கிவந்து அந்த ஷூவுக்குள் ஒரு நிமிசம் நிற்க வைத்தார்கள், சில குழந்தைகள் நடக்கவும் செய்தன, எப்படியும் நடக்கத்தானே போகின்றன. யாரோ ஒரு புண்ணியவதி நுனியில் மஞ்சள் தடவி ஒரு பொட்டு வைத்துச் சூடமும் காட்டிவிட்டாள், அன்றிலிருந்து ஷூவில் வியர்வை வாசத்தோடு சூட வாசமும் கலந்து அடித்தது. வெளியூர்க் காலேஜிலிருந்து ஒருவர் வந்து அளந்து, முகர்ந்து, தலையைச் சொறிந்துவிட்டு, கொய்யாப்பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு போனார். இடம் விட்டு வாழுங்கள் என்று கல்யாணத்தில் பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்தார்கள், புது வீடு கட்டியவர்கள் இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காக ஒரு அறையைப் பூசாமல் விட்டார்கள், ஊரே எதிலும் ஒரு மடிப்பு உள்ளே வைத்து வாழப் பழகியது.

எல்லாவற்றுக்கும் மேலே, மே மாத டோர்னமெண்டில் ஊர்த் தலைவர் பொன்னாடையோடு மேடைக்கு வந்தார், ஈஸ்வரி கழுத்தைத் தாழ்த்தி நின்றாள், அவரோ மெனக்கெட்டுக் குனிந்து ஷூவுக்குப் போர்த்தினார். கூட்டம் கைதட்டி ஓய ரொம்ப நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவள் ஆடும்போது ஊர்க்கண்ணெல்லாம் அவள் காலில்தான். பந்தை வாங்கின வேகத்தில் திரும்பிப் பாராமலே பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டிவிடுவாள், தூரத்திலிருந்து கையை உயர்த்தி விட்டால் பந்து வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும், இதையெல்லாம் சேவியர் மாஸ்டர் ஒருவர்தான் பார்த்தார். மற்றவர்கள், "ஷூ எப்படி ஓடுது பாரு" என்றார்கள். அவள் நாடாவைக் கணுக்காலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. ஓடி வந்து நிற்கும்போது கால் ஷூவுக்குள் முன்னே போய் முட்டி நிற்பதற்கு ஒரு கண நேரம் ஆகும், அந்த ஒரு கணத்தைக் கணக்குப் பண்ணி ஆடவே அவள் பழகிக்கொண்டாள். காலுக்கும் தரைக்கும் நடுவில் அப்படி ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நன்றாக ஆடினாள் என்றால், சரியான ஷூ இருந்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பாள்!

ஒரு நாள் மாவட்டத்துப் போட்டியிலிருந்து திரும்பிவந்த சாயங்காலம், கடை வாசலில் உட்கார்ந்து கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்கு இன்னைக்குச் சரியா இருக்கிற மாதிரி ஒன்னு வாங்கிக் குடுங்கப்பா. அன்னைக்குப் பாய் காட்டுனாரே, அந்த மாதிரி. ஒரு வருசத்துல பத்தாமப் போனாலும் பரவால்ல."

"ஊரே கும்பிடுற ஷூவக் கழட்டிப் போடுறதா? இன்னைக்குச் சரியா இருக்கிறது நாளைக்குச் சரியா இருக்காது தாயி. நீ எங்கயோ போகப்போற பிள்ளை. அதுக்கு இடம் வேணும்ல?"

"நான் இன்னைக்குத்தானேப்பா ஆடுறேன்" என்றாள் அவள்.

மலைச்சாமிக்கு அது சின்னப்பிள்ளைப் பேச்சாகத் தெரிந்தது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு வந்தது. அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, சாப்பாடு, அப்புறம் ஆடுகிற காலமெல்லாம் ஆடலாம், பின்னால் ரயில்வேயில் ஒரு வேலையும் கிடைக்கும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஈஸ்வரிக்கு வேலையைப் பற்றியெல்லாம் நினைப்பில்லை, தினமும் ஆடவிடுவார்கள் என்ற ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் மாஸ்டர் திரும்பவும் கடைக்கு வந்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. "டைலரே, காலுக்கேத்த ஒரு ஷூ. இந்த ஒரு நாளைக்கு மட்டும். நானே வாங்கித் தர்றேன்." மலைச்சாமிக்கு ரோசம் வந்துவிட்டது. என் பிள்ளைக்கு ஷூ வாங்கத் தெரியாதா எனக்கு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினார். ஊரும் அவர் பக்கம்தான் நின்றது, ராசியான ஷூவை விட்டுவிட்டு யாராவது போவார்களா.

தேர்வு நடந்த ஊருக்கு ஓடைக்குளத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். மலைச்சாமி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஆடுகளத்துக்குள் இறங்கியதும் அவர் கண்ணுக்கு அந்த மைதானம் மறைந்துபோய், ரயில்வே டீமின் பனியனைப் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்குகிற ஒரு ஈஸ்வரி தெரிந்தாள், அதற்கும் மேலே, இன்னும் உயரமாக, இன்னும் பெரிதாக ஒருத்தி தெரிந்தாள், அவளுக்குத் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று அவர் மனசு டேப்பை நீட்டிக்கொண்டே போனது. ஆடுகளத்தில் நிஜ ஈஸ்வரி குனிந்து நாடாவை இறுக்கினாள். நாலு எட்டு ஓடினாள், மறுபடி குனிந்து இறுக்கினாள். அன்றைக்கு ஷூவுக்குள் ரெண்டு விரக்கடை இல்லை, நாலு விரக்கடை இடம் இருந்தது என்று அவள் பின்னால் சொன்னாள். பந்தை வாங்கி, ஒருத்தியை ஏமாற்றி, இடது காலை ஊன்றி வெட்டித் திரும்பினாள். ஷூ நின்ற இடத்தில் நின்றது, கால் உள்ளே திரும்பியது. கணுக்கால் பிசகிய சத்தம் வேலிக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

கணுக்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது, மாசக்கணக்கில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் ஊரே ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தது. ஈஸ்வரியின் கட்டுப்போட்ட காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள், அப்புறம் மெதுவாகக் குரலைத் தாழ்த்தி, "ஷூவுக்கு ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டார்கள். கேட்காத ஆள் ஒருவர் பாக்கியில்லை. குருவம்மாதான் கடைசியில் அந்த ஷூவைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தாள்.

மாசங்கள் போயின. கட்டுப் பிரித்தார்கள், நடந்தாள், பள்ளிக்கூடம் முடித்தாள், பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போய் பி.காம் படித்தாள். மைதானத்துப் பக்கம் திரும்பவில்லை. மலைச்சாமி அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரயில்வே பனியன்காரியும் பக்கத்தில் வந்து நின்றாள், அதனால் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "குருவம்மா, அவ்வளவுதான் போல. அவளுக்குக் கொடுப்பினை அவ்வளவுதான். இனி ஒன்னும் எதிர்பாக்குறதுக்கில்ல. படிப்ப முடிக்கட்டும், நல்ல இடமா வந்தாக் கட்டிக் குடுத்துருவோம்" என்றார். சொன்ன பிறகு தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது அவருக்கு. அன்று நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போகக் கிளம்பிய ஈஸ்வரிக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. வேறு இல்லாமல் பரணில் கிடந்த ஷூவை இறக்கித் தூசி தட்டிக் காலை நுழைத்தாள். வாசற்படியில் அப்படியே நின்றாள். ஒரு தடவை குதித்தாள். சட்டென்று ஒரு பக்கம் வெட்டித் திரும்பினாள்.

"அப்பா, சரியா இருக்குப்பா!"

அதே வார்த்தை, அதே முகம். மலைச்சாமி ஓடிவந்து குனிந்து நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினார். நகத்தளவு இடம், அதற்கு மேல் இல்லை. அமுக்கின விரலை எடுக்கவே அவருக்குக் கொஞ்ச நேரமானது. பரணில் ஏறுகிற வரைக்கும் ரெண்டு விரக்கடை, நாலு விரக்கடை என்று கிடந்த ஷூ, இவள்மேல் வைத்திருந்த ஆசையை நான் விட்டேன் என்று வாயால் சொன்ன மறுநாள் பிள்ளையின் காலுக்கு வந்து பொருந்தியிருக்கிறது. அப்படியானால் இத்தனை வருசமும் அதை இழுத்து இழுத்து நீட்டியது யார்? யாரிடம் போய் இதைக் கேட்பது? பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு துள்ளித் துள்ளிப் போகிற மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார், பாவம்.

அன்று சாயங்காலமே அவள் மைதானத்துக்குப் போனாள். விடுதியும் இல்லை, தேர்வும் இல்லை, அந்த வயசெல்லாம் தாண்டிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் சும்மா ஆடுகிற ஆட்டம், அதில் போய்ச் சேர்ந்துகொண்டாள். தினமும் போனாள். சிரித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மலைச்சாமி, மனசு கேட்காமல் தெருவைத் தாண்டிப் போய் மைதானத்துச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஈஸ்வரி இல்லை அது. அந்த ஒரு கணத் தயக்கம் காலில் இல்லை. ஓடினால் ஓடினாள், நின்றால் நின்றாள், எழும்பினால் ஒரு பறவை கிளம்புகிற மாதிரி எழும்பினாள், பந்து வலைக்குள் இறங்கியது. அடேயப்பா, இவளிடம் இன்னும் இருக்கிறதே என்று மலைச்சாமிக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வயசு ஒன்றும் போய்விடவில்லை, காலேஜ் டீம் இருக்கிறது, அதற்கு மேலே இருக்கிறது, மாஸ்டரிடம் ஒரு வார்த்தை...

ஆடுகளத்தின் நடுவில் ஈஸ்வரி நின்றாள். குனிந்தாள். நாடாவை இறுக்கினாள். விரலால் ஷூவின் நுனியை அமுக்கிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள்.

மலைச்சாமி சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இதுவே போதும் என்று வாய்க்குள் சொன்னார், வாய் சொல்வதை மனசு கேட்டால்தானே. இந்த மனுசனுக்குப் பிள்ளையைப் பார்த்தால் அடுத்த வருசத்துப் பிள்ளைதான் தெரியும், அப்படியே பழகிவிட்ட கண், அதைக் கழற்றி ஆணியில் மாட்டவா முடியும். தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று தேர்முட்டியைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டிப் போனார். ரொம்ப தூரம் போன பிறகுதான் பந்துச் சத்தம் பழையபடி சீராகக் கேட்டது.

அப்புறம் அவர் மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஊரும் ஷூவை மறந்தது. வளராத ஷூவில் என்ன இருக்கிறது, சிக்கந்தர் பாய் போர்டைக் கழற்றிக் கழுவி அதன் பின்பக்கத்தில் 'ஸ்கூல் பேக் தள்ளுபடி' என்று எழுதிவிட்டார், வெள்ளிக்கிழமைக் குழந்தைகள் வேறு கோயிலுக்குப் போயின. மலைச்சாமி ஜூன் மாத யூனிபாரங்களைப் பிள்ளைகளின் உடம்புக்குச் சரியாக, ஒரு மடிப்புக்கூட உள்ளே வைக்காமல் தைத்துக் கொடுத்தார். "என்ன அண்ணே, கண்ணு போச்சா உங்களுக்கு, அடுத்த வருசம் இத யார் போடுவா?" என்று தாய்மார்கள் திட்டிவிட்டுப் புதுக்கடைக்குப் போனார்கள்.

வளர்வதை நிறுத்தியதும் அந்த ஷூவும் மற்ற ஷூவைப் போலத் தேய ஆரம்பித்தது. ரப்பர் வழவழவென்று ஆகி, தரையைப் பிடிக்காமல் போனபோது ஈஸ்வரி சொன்னாள், "அப்பா, புதுசு எடுக்கணும். நான் டியூஷன் எடுத்த காசு இருக்கு. நீங்க கூட வாங்க."

"நீயே போய் எடும்மா. சாயங்காலமா ஆடி முடிச்சிட்டுப் போ, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பத்தான் அளவு தெரியும். குதிகால் ஆடுதான்னு பாத்துக்க."

"ரெண்டு சைஸ் பெருசா எடுக்கச் சொல்லமாட்டீங்களா?" என்று அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

தனியாகப் போய் எடுத்து வந்தாள். விலை குறைந்த ஷூதான், கறுப்பு நிறம். போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். மலைச்சாமி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் காலைப் பார்ப்பார், காலைப் பார்த்தால் ஆட்டத்தை நினைப்பார், நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அப்பா, ஒரு நாளாச்சும் வந்து பாருங்களேன். இப்ப நான் நல்லா ஆடுறேன்ப்பா. மாஸ்டரே சொன்னாரு."

தெரியும் தாயி, பார்த்தேன், உன்னை மாதிரி ஆடி நான் ஒருத்தரையும் பார்த்ததில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் நூலை ஊசியில் கோப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"கைல வேலை கெடக்கும்மா."

அவள் நின்றாள். "நான் அன்னைக்குக் கீழ விழுந்ததுல இருந்து உங்களுக்கு என் ஆட்டமே பிடிக்கலப்பா. எனக்குத் தெரியும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. பந்து விழுந்தது, எழுந்தது, விழுந்தது, ஷூ சிமெண்டில் கீச்சென்று நின்று திரும்பியது, யாரோ "ஈஸ்வரிக்கா, இங்க!" என்று கத்தினார்கள். எந்தச் சத்தம் மகளுடையது என்று மலைச்சாமிக்குத் தனியாகத் தெரிந்தது. கை தைப்பதை நிறுத்தியது, காது அந்தப் பக்கம் சாய்ந்தது, கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் அந்தப் பழைய டேப் தன்பாட்டுக்கு நீள ஆரம்பித்தது. சுவருக்கு அப்பால் அந்தப் புதுக் கறுப்பு ஷூவின் சத்தம் ஒரு கணம் தடுமாறியது.

மலைச்சாமி பதறிப்போய், துணிகூட வைக்காமல், தன் காது அடைக்கும் மட்டும் வெறும் மெஷினை மிதித்தார்.